கட்டைச் சம்பலும் கொப்பன்ஹேகனும்

நேயர்கள் சிலர் அண்மையில் எனக்கு எழுதிய கடிதங்களில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். "மூன்று மாதம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தீர்கள். அதைப்பற்றி இப்பகுதியில் ஒரு வரியேனும் எழுதவில்லையே?" என்பதே அக்குறை. எழுதாமைக்குக் காரணம் உண்டு. அம்மூன்று மாதத்தில் பெரும்பகுதியை நான் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், என் தங்கை வீட்டு யன்னலோரத்தில், மழையையும் மரங்களையும் பார்த்தவாறு கழித்தேன். மழையைப் பற்றி நம்மவர்க்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்?

ஆயினும், வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு ஞாயிறு நள்ளிரவில் திரும்பிவந்த ஒரு சிறு பிரயாணம் இடையில் நிகழ்ந்தது. அதைச் சொல்ல இன்றுதான் மனம் இசைந்தது. ஏன் இவ்வளவு காலம் இசையவில்லை என்பது முடிவில் உங்களுக்கே விளங்கும்.

2025ஆம் ஆண்டு யூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. மாலை தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்திலே படிக்கும் என் மருமகன் கைத்தொலைபேசியும் கையுமாக வந்து எதிரில் அமர்ந்தான்.

"மாமா, இன்றிரவு பதினொன்றரைக்குக் கொப்பன்ஹேகனுக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஆளுக்கு 24 யூரோ. இரண்டு இருக்கைகள்தான் மிச்சம். போவோமா?"

"பார்ப்போம்" என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் அச்சொல்லுக்கு "இல்லை" என்பதே பொருள் என்பதைப் பிள்ளைகள் முதல் எல்லாரும் அறிவர். அவனும் அறிவான் போலும். முகம் சற்றே வாடியது. அந்த வாட்டத்தைக் கண்டதும் என் நாவு தானாகவே மாறி, "போவோம்" என்றது. அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில் அவனைவிட எனக்கே அதிக வியப்பு.

சமையலறையிலிருந்து தங்கை வந்தாள். "விசர் வேலை! அந்த ஊரில் ஒரு கோப்பை கோப்பி குடிப்பதற்கே கையிருப்பு முழுவதும் போய்விடும். அண்ணா, அவன்தான் சின்னப்பிள்ளை, நீங்களுமா? முப்பத்துமூன்று வருடமாக நான் இங்கே இருக்கிறேன். ஒரு நாளாவது போயிருப்பேனா?"

அவள் சொன்னது உண்மை. 1992இல் ஊரைவிட்டு வந்தவள் அவள். வைத்தியசாலை ஒன்றில் துப்புரவு வேலை. கணவருக்குப் பேக்கரி ஒன்றில் இரவு வேலை. இருவரும் சேர்ந்து உழைத்ததில் ஊரிலே ஒரு வீடும், மூன்று சகோதரிகளின் திருமணமும், எண்ணற்ற உறவினரின் வைத்தியச் செலவும் நிறைவேறின. என் விமானச் சீட்டும் அவள் வாங்கித் தந்ததே. ஐந்தாறு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் ஓர் ஊரை அவள் காணாததற்குக் காரணம் காசு மட்டுமன்று. தனக்கென்று செலவழிக்கும் பழக்கமே அவளிடம் இல்லாது போயிற்று.

வாய் திட்டிக்கொண்டிருந்ததே தவிர, கை சும்மா இருக்கவில்லை. நாங்கள் புறப்படுவதற்குள் ஒரு பெரிய பாண், ஒரு சிறு போத்தல் நிறையக் கட்டைச் சம்பல், பத்து உழுந்துவடை, ஆறு அவித்த முட்டை ஆகியவை ஒரு பையில் ஏறிவிட்டன. "அங்கே கடையில் ஒன்றும் வாங்காதீர்கள்" என்பதே அவள் எங்களுக்கு அளித்த ஆசி.

பஸ் வண்டி வடக்கு நோக்கி ஓடியது. ஜேர்மனியின் புட்கார்டன் துறைக்கும் டென்மார்க்கின் ரோட்பி துறைக்கும் இடையில் ஏறக்குறைய 19 கிலோமீட்டர் கடல். வண்டி அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் நுழைந்து நிற்கிறது. உறங்குகிறவர்கள் உட்பட எல்லாரும் இறங்கி மேற்றட்டுக்குப் போய்விட வேண்டும். கடலைக் கடக்க 45 நிமிடம். 2019ஆம் ஆண்டு டிசெம்பர் வரை புகையிரதமும் இவ்வாறே கப்பலேறி இக்கடலைக் கடந்தது. நாங்கள் சென்றபோது, கடலின் அடியில் 18 கிலோமீட்டர் நீளமான சுரங்கப்பாதை ஒன்றை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

மேற்றட்டிலே குளிர்காற்று முகத்தில் அடித்தது. வடதிசையில் வானம் முற்றாக இருளவில்லை. யூன் மாதத்தில் அந்நாட்டு இரவு, விளக்கைத் தணித்து வைத்த அறைபோல் இருக்கிறது. மூன்று மணிக்கெல்லாம் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது.

மாணவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லையில்லாத ஐரோப்பா என்று கேள்விப்பட்டுக் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2016 முதல் டென்மார்க் தன் எல்லையில் அவ்வப்போது சோதனை நடத்திவருகிறது. எங்கள் வண்டியிலும் பொலிசார் ஏறினர். என் கடவுச்சீட்டில் இருந்த விசா பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானதாகையால் தொல்லை எதுவும் நேரவில்லை.

காலை ஐந்தரை மணிக்குக் கொப்பன்ஹேகனில் இறங்கினோம். கடைகள் திறக்கவில்லை. விடுதியில் கட்டில் கிடைக்க மாலை மூன்று மணியாகும். இருவர் முதுகிலும் பை. "இனி என்ன?" என்றேன். "நடப்போம் மாமா, அதற்குக் காசில்லை" என்றான் மருமகன்.

பஸ் நிலையத்திலிருந்து சிறிது தூரத்திலே துறைமுக வாய்க்கால். அதற்குக் குறுக்கே நடப்போருக்கும் துவிச்சக்கரவண்டிக்காரருக்கும் மாத்திரமாக 2006இல் கட்டப்பட்ட பாலம். அதைக் கடந்தால் இஸ்லண்ட்ஸ் புறூகே, அதாவது ஐஸ்லாந்துத் துறை, என்னும் கரை. அங்கே கண்ட காட்சியை நான் எளிதில் மறக்கமாட்டேன். தலைநகரின் துறைமுகத்து நடுவே, மரத்தாலான மிதவைகள் சூழ்ந்த நீரில் மனிதர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். என் வயதொத்த ஒரு மாது வீட்டு அங்கியோடு நடந்து வந்தார். அங்கியைக் கொளுவியில் மாட்டினார். ஏணிவழியே நீரில் இறங்கிப் பத்து நிமிடம் நீந்தினார். ஏறித் துடைத்துக்கொண்டு தம் துவிச்சக்கரவண்டியில் சென்றுவிட்டார். வாயிற்கதவு இல்லை. காவற்காரன் இல்லை. சீட்டும் இல்லை.

இந்நீர் எக்காலமும் இப்படி இருந்ததன்று. நகரத்துக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து, பல பதின்மவருடங்களாக நீந்தத் தகாததாய்க் கிடந்தது. பெருமழை பெய்தால் சாக்கடை நிரம்பித் துறைமுகத்துள் வழியும். அவ்வழிவைத் தடுக்க நிலத்தடியிலே பெரும் தேக்கத் தொட்டிகளும் குழாய்களும் அமைத்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தினார்கள். பெருஞ் செலவும் நீண்ட காலமும் பிடித்த வேலை. 2002இல் அத்துறைமுகத்தின் முதலாவது பொதுக் குளிக்குமிடம் இங்கே திறக்கப்பட்டது. செல்வந்தன் தன் வீட்டில் ஒரு நீச்சற்குளம் கட்டிக்கொள்ளலாம். ஒரு துறைமுகத்தையே கழுவி எல்லாருக்கும் கொடுப்பது ஒரு நகரம் முழுவதும் கூடிச் செய்யவேண்டிய காரியம்.

மருமகன் நீரில் குதித்தான். "ஐயோ!" என்று தமிழிலே அலறினான். நான் மிதவையிலிருந்து காலை மட்டும் நனைத்தேன். குளிர் எலும்புவரை சென்றது. அப்படியே அமர்ந்து, பாணில் கட்டைச் சம்பலைத் தடவி உண்டோம். ஒருநாள் முழுவதும் உறைப்பு நாவில் நின்றது.

நிற்க. சிக்கனப் பிரயாணத்தின் இரகசியத்தை நான் கற்றது அந்த மிதவையில்தான். முன்பெல்லாம் ஓர் ஊருக்குப் போவதானால், "அங்கே பார்க்க வேண்டியவை எவை, அவற்றுக்கு எவ்வளவு செலவாகும்?" என்று கணக்கிட்டு, கணக்கைக் கண்டு அஞ்சி, வீட்டிலே இருந்துவிடுவேன். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "இவ்வூர் தன் சொந்த மக்களுக்கு இலவசமாக எவற்றைக் கொடுத்திருக்கிறது?" என்று கேட்டால், வந்தவனுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது.

கரையோரமாகவே வடக்கு நோக்கி நடந்து கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன் என்னும் பகுதியை அடைந்தோம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காம் கிறிஸ்தியான் என்னும் அரசன் உண்டாக்கிய குடியிருப்பு அது. 1588 முதல் 1648 வரை, அறுபது வருடம், ஆண்டவன் அவன். அங்கே நீர்க்கரையில் "ஆசியச் சதுக்கம்" எனப் பொருள்படும் பெயருடைய ஓரிடம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆசிய வர்த்தகக் கம்பெனியின் பண்டகசாலைகள் நின்ற இடம். சீனத்துத் தேயிலையும் இந்தியத் துணிகளும் வந்து இறங்கிய கரை.

முப்பது வருடம் சரித்திர ஆசிரியனாக இருந்தவன் வாயை மூடிக்கொண்டு அவ்விடத்தைக் கடக்க முடியுமா? மருமகனைப் பிடித்து நிறுத்திப் பாடம் தொடங்கினேன்.

"தம்பி, இக்கம்பெனிக்கு மூத்த கம்பெனி ஒன்றை நான்காம் கிறிஸ்தியான் 1616இல் அமைத்தான். 1618இன் இறுதியில் ஓவே யெட்டே என்னும் இளந் தளபதியின் கீழ்க் கப்பல்கள் டென்மார்க்கிலிருந்து புறப்பட்டன. எங்கே போக? இந்தியாவுக்கன்று, நம் இலங்கைக்கு! 1620இல் வந்து சேர்ந்தார்கள். வழியிலேயே எத்தனையோ பேர் மாண்டுபோனார்கள். கண்டி மன்னனோடு பேசினார்கள். திருகோணமலையிலே கோட்டை கட்டவும் முயன்றார்கள். காரியம் கைகூடவில்லை. அதே 1620இல் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரின் அனுமதியோடு தரங்கம்பாடியில் காலூன்றினார்கள். நாயக்கரிடமிருந்து தங்கத் தகட்டிலே எழுதி வந்த மடல் இந்த நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை, இருநூறு வருடத்துக்கு மேல், இந்தத் துறைக்கும் நம் கரைக்கும் போக்குவரத்து இருந்தது. தமிழிலே புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவனும் ஒரு டென்மார்க் அரசனே."

மருமகன் கவனமாகக் கேட்டான். பிறகு, கள்ளம் கபடமில்லாமல் ஒரு கேள்வி கேட்டான்.

"திருகோணமலை எப்படி இருக்கும் மாமா? மாமியோடு போயிருப்பீர்களே?"

நேயர்களே, நான் போனதில்லை. அதாவது, அவளோடு போனதில்லை. உத்தியோகத்தின் நிமித்தம் இரண்டொரு முறை தனியே போயிருக்கிறேன். திருக்கோணேசுவரத்தைத் தரிசிக்க வேண்டும், கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளைக் காண வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கல்யாணமான வருடமே கேட்டாள். "சம்பளம் உயரட்டும், பார்ப்போம்" என்றேன். பிறகு யுத்தம் வந்து பாதைகள் மூடின. அதற்கு நான் பொறுப்பல்லேன். ஆனால், 2009க்குப் பின் பாதைகள் திறந்தனவே. அப்பொழுது, "வீட்டுக் கூரை வேலை முடியட்டும், பார்ப்போம்" என்றேன். கூரை முடிந்தது. "ஓய்வூதிய நிலுவை வரட்டும், பார்ப்போம்" என்றேன். அதுவும் வந்தது. அது வந்த 2017ஆம் ஆண்டிலே அவள் காலமானாள்.

பலகைக் கப்பலிலே ஏறி, ஒன்றரை வருடம் கடலிலே அலைந்து, தோழர்களைக் கடலில் விட்டுத் திருகோணமலைக்குப் போனவர்கள் புறப்பட்ட நாட்டின் தலைநகரில் நான் நின்றுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் அன்றே போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு என்னால் அவளை அழைத்துப்போக முடியவில்லை.

"இல்லைத் தம்பி, போகவில்லை" என்று மட்டும் சொன்னேன். அவன் மேலே கேட்கவில்லை. என் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

பாலத்தைக் கடந்து மறுகரைக்கு வந்தால் பழைய வர்த்தக மாளிகை. அதுவும் நான்காம் கிறிஸ்தியான் கட்டியதே. வால்களை முறுக்கிய நான்கு நாகங்கள் போன்ற அதன் கூர்ங்கோபுரம் 2024ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆந் தேதி தீயிலே எரிந்து வீழ்ந்தது. அன்று தீயணைப்பாளரோடு வீதியிற் சென்றவர்களும் ஓடிவந்து, உள்ளிருந்த பெரிய ஓவியங்களைத் தோளிற் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். நாங்கள் கண்டபோது சாரங்கட்டி மீளக் கட்டும் வேலை நடந்தது. நானூறு வருடத்துக் கட்டடமும் ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். "அது எங்கே போய்விடப் போகிறது, பிறகு பார்க்கலாம்" என்று எதைப்பற்றித்தான் சொல்லலாம்?

நண்பகலில் அமாலியன்போர்க் அரண்மனை முற்றத்திலே காவலர் மாறும் சடங்கு. பதினொன்றரைக்கு ரோசன்போர்க் மாளிகையருகிலிருந்து கரடித்தோல் தொப்பியணிந்த வீரர்கள் புறப்பட்டு, நகர வீதிகளினூடே நடந்து, பன்னிரண்டு மணிக்கு அரண்மனையை அடைகிறார்கள். நாள்தோறும் நடப்பது, இலவசமாகக் காணலாம். அவர்கள் பின்னாலேயே நடந்தோம். அப்படி நடக்கையில் தரையைக் கவனியாது துவிச்சக்கரவண்டிப் பாதையிலே கால் வைத்துவிட்டேன். நாலைந்து மணிகள் ஒருமிக்க ஒலித்தன. ஒரு பெண்மணி டேனிய மொழியில் என்னவோ சொல்லிப் போனார். பொருள் விளங்காதது என் பாக்கியம். அந்நகரில் துவிச்சக்கரவண்டி வேடிக்கைக்குரியதன்று. அமைச்சர் முதல் மாணவர்வரை எல்லாருக்கும் அதுவே வாகனம். அதற்குரிய பாதையில் நின்று வேடிக்கை பார்ப்பது, புகையிரதத் தண்டவாளத்தில் பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

பின்னேரம் மஞ்சள் நிறத் துறைமுகப் படகிலே ஏறினோம். உல்லாசப் பிரயாணிகளுக்கான படகுகள் அதிகக் கட்டணம் கேட்கின்றன. இதுவோ நகரத்து மக்களுக்கான பொதுப் போக்குவரத்து. பஸ் சீட்டே இதற்கும் செல்லும். ஒரே நீர், ஒரே காட்சி. 1670களின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட நீஹவ்ன் வாய்க்காலையும், அதன் கரையிலுள்ள வண்ண வீடுகளையும் பார்த்தோம். ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் அவ்வீதியிலே மூன்று வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்தவர். அவருடைய கதையில் வரும் கடற்கன்னியின் சிலை லாங்கலினி கரையிலே இருக்கிறது. 1913இல் வைக்கப்பட்டது, ஒன்றேகால் மீற்றர் உயரம். "இவ்வளவுதானா?" என்றான் மருமகன். பெரும்புகழ் பெற்றவர்களை நேரில் கண்டபோது எனக்கும் சிலவேளை அப்படித் தோன்றியதுண்டு.

அன்றிரவு விடுதியிலே எட்டுப் பேருக்குரிய அறையில் இரண்டு கட்டில்கள். மெத்தை விரிப்புக்கு அங்கே தனிக் கட்டணம். தங்கை பையின் அடியில் இரண்டு விரிப்புகளை மடித்து வைத்திருந்ததை அப்பொழுதுதான் கண்டோம். போகவேண்டாம் என்றவள் இதையும் நினைத்திருக்கிறாள்!

மருமகன் இரவுணவுக்கு ஓர் உபாயம் செய்தான். பேக்கரிகளும் உணவுச்சாலைகளும் விற்று மிஞ்சியதைக் குப்பையில் கொட்டாமல், கடை மூடும் நேரத்திலே குறைந்த விலைக்குக் கொடுக்க வழிசெய்யும் "டூ குட் டு கோ" என்னும் ஏற்பாடு டென்மார்க்கிலேயே தோன்றியது. கைத்தொலைபேசியில் முன்பதிவு செய்து, ஒரு பேக்கரியில் பெரிய பொட்டலம் ஒன்றைப் பெற்றுவந்தான். கறுத்த பாண், கறுவா மணக்கும் பணிஸ், இன்னும் பெயரறியாத பலகாரங்கள். அறையிலிருந்த வெளிநாட்டு மாணவர்களுக்கும் கொடுத்தோம். அவர்கள் எங்கள் வடைகளை உண்டு, சம்பலை நுனிவிரலால் தொட்டுப் பார்த்துக் கண்ணீர் சிந்தினார்கள்.

ஞாயிறு காலை வட்டக் கோபுரம். காசு கொடுத்து நாங்கள் நுழைந்த ஒரே இடம் அதுதான். வானத்து நட்சத்திரங்களை ஆராய 1637 தொடக்கம் 1642 வரை நான்காம் கிறிஸ்தியான் கட்டுவித்தது. ஏறக்குறைய 35 மீற்றர் உயரம். ஆனால் ஏறுவதற்குப் படிகள் இல்லை. உச்சியில் மட்டும் சில படிகள், மற்றபடி ஏழரைச் சுற்றாகச் சரிவான பாதை. 1716இல் ருஷ்யப் பேரரசர் பீற்றர் குதிரையிலேயே மேலே சென்றார் என்பது சரித்திரம். முழங்கால் நோவுள்ள என்னைப் போன்றவர்களுக்கு அவ்வரசன் செய்த உபகாரம் பெரிது.

அதன்பின் அசிஸ்தென்ஸ் என்னும் மயானத்துக்குப் போனோம். மயானத்துக்குப் போனதா பிரயாணம் என்று முகஞ்சுளிக்க வேண்டாம். 1760இல் அமைந்த அவ்விடம் இன்று பெருமரங்கள் நிறைந்த சோலை. ஒருபுறம் கல்லறைகள், மறுபுறம் புல்தரையில் பிள்ளைகளோடு வந்து அமர்ந்திருக்கும் குடும்பங்கள். தத்துவஞானி கீர்க்ககோர், விஞ்ஞானி நீல்ஸ் போர் ஆகியோர் அங்கேதான் துயில்கிறார்கள். அன்டர்சனின் கல்லறையும் அங்கே இருக்கிறது.

அவருடைய வரலாற்றை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தந்தை செருப்புத் தைப்பவர், தாய் துணி வெளுப்பவர். ஓடன்ஸ என்னும் ஊரிலிருந்து 1819ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், சொற்பக் காசோடு, தெரிந்தவர் எவருமில்லாத இந்நகரத்துக்குத் தனியே வந்தான் அச்சிறுவன். காசு சேரட்டும் என்று காத்திருந்தால் ஓடன்ஸவிலேயே கிழவனாகியிருப்பான். உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் நஷ்டமாகியிருக்கும்.

மாலையில் பஸ் ஏறுமுன் மருமகன் இரண்டு நாளில் சேர்ந்த வெற்றுப் போத்தல்களைக் கடையிலுள்ள இயந்திரத்தில் இட்டான். அங்கே ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு குரோனர் முதல் மூன்று குரோனர்வரை முற்பணமாக வாங்கி, வெறும் போத்தலைத் தரும்போது திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய ஏழரைக் குரோனர். கிடைத்த ஒன்பது குரோனரைக் கண்டு அவன் புதையல் எடுத்தவன்போல் மகிழ்ந்தான்.

நள்ளிரவில் வீடு சேர்ந்தோம். தங்கை விழித்திருந்தாள். "எவ்வளவு கரியாயிற்று?" என்றாள். என் குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன். இருவருக்குமாக:

பஸ், போகவர: 96 யூரோ
விடுதி: 64 யூரோ
நகரத்துப் பஸ், படகு: 22 யூரோ
வட்டக் கோபுரம்: 11 யூரோ
உணவு, கோப்பி: 41 யூரோ
ஆக மொத்தம்: 234 யூரோ

இதை நம் நாட்டு ரூபாவிலே பெருக்கிப் பார்க்கவேண்டாம், தலை சுற்றும். ஆனால், அங்கே உழைத்து அங்கே வாழ்பவர்களுக்கு அது எட்டாத தொகையன்று. எட்டாததாய் இருந்தது மனம்.

அவள் கணக்கை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்தாள். நான் மிதவையைப் பற்றிச் சொன்னேன். அங்கியோடு வந்த மாதைப் பற்றிச் சொன்னேன். ஆசியச் சதுக்கத்தைப் பற்றியும், மருமகன் கேட்ட கேள்வியைப் பற்றியும், நான் சொன்ன பதிலைப் பற்றியும் சொன்னேன். அண்ணியின் ஆசையை அவளும் அறிவாள். நெடுநேரம் பேசாதிருந்தாள்.

பிறகு எழுந்து, வெறுமையாகிவிட்ட சம்பல் போத்தலைக் கழுவப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி, திரும்பிப் பாராமலே கேட்டாள்:

"அந்தத் தண்ணீர் மெத்தக் குளிரோ, அண்ணா?"

"காலை வைத்தேன், மரத்துப் போயிற்று" என்றேன்.

"ஆவணியில் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்குமாக்கும்" என்றாள். "இவருக்கும் லீவு கேட்க வேண்டும்."

மருமகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அச்சமயத்தில் வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்பதை இருவரும் அறிவோம்.

ஆவணியில் அவர்கள் போய்வந்தார்கள். மிதவையின் விளிம்பிலே, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, நீரில் கால் நனைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் தங்கையின் படம் என் மேசையில் இருக்கிறது. அவள் அப்படிச் சிரித்து நான் கண்டது எங்கள் சிறுவயதிலேதான்.

நேயர்களே, தூரதேசத்துக்கு எல்லாரும் போகவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் நெடுநாளாகக் கேட்டுவரும் ஒரு சிறு இடம் இருக்கும். மன்னாராய் இருக்கலாம், கதிர்காமமாய் இருக்கலாம், அடுத்த ஊர்க் கடற்கரையாயும் இருக்கலாம். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு இக்கிழமையே போய்வாருங்கள். குறைந்த செலவில் போனதற்காக ஒருவரும் பின்னால் வருந்தியதில்லை. "பார்ப்போம்" என்று சொன்னதற்காக வருந்துகிறவனை நான் அறிவேன்.

அவள் கேட்டபோது போகாத நான் இனித் தனியே போய் என்ன பயன் என்று இதுவரை எண்ணியிருந்தேன். இப்பொழுது அப்படி எண்ணவில்லை. அவள் பெயரிலே ஓர் அருச்சனை செய்யவேண்டும். அடுத்த ஞாயிறு இப்பகுதியைத் திருகோணமலையிலிருந்து எழுதுவதாக இருக்கிறேன்.